உடுத்திப் பழகிய பருத்தி, மடித்து வைத்த பட்டு

"பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று கூடையோடு வருபவர்களின் குரல் இப்போது சிற்றூர்த் தெருக்களில்தான் கேட்கிறது. நைந்த நூல்சேலை நாலைந்தைப் போட்டால் ஓர் எவர்சில்வர் கிண்ணமோ சின்னத் தூக்கோ கிடைக்கும். "பழைய பட்டுப்புடவை இருக்காம்மா?" என்று கேட்டு வருபவர் வேறு ஆள். அவரிடம் கூடை கிடையாது, ஒரு பையும் உரைகல்லும்தான். முந்தியிலிருந்து ஜரிகை இழை ஒன்றை உருவிக் கல்லில் தேய்த்துப் பார்த்து விலை சொல்வார். முதலாமவர் வாங்கியதில் உடுத்தத் தகுந்தது பழைய துணிச் சந்தைக்குப் போகும், மிச்சம் பட்டறைகளில் கை துடைக்கவும் எண்ணெய் துடைக்கவும் மூட்டையாகும். இரண்டாமவர் வாங்கியது நெருப்புக்குப் போகும். சேலை எரிந்து சாம்பலானால்தான் அதிலிருக்கும் வெள்ளியை உருக்கி எடுக்க முடியும்.

அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒருவர் வந்திருக்கிறார். பழைய துணியைத் துணியாகவே விரும்பி வாங்குகிறவர். சென்னையிலும் கோவையிலும் பொட்டீக் கடைகளில், வீட்டு அலங்காரக் கடைகளில், பழைய காஞ்சிபுரம் சேலையில் தைத்த மெத்தை உறைகள், கைப்பைகள், ஜன்னல் திரைகள், மேல்சட்டைகள் தொங்குகின்றன. இதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது, எரிவதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கடைகளில் நின்று பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. அவர்கள் தேடுவது பட்டை மட்டும். அந்தப் பட்டையும் அது தாங்காத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். தாங்கக்கூடிய நூல்சேலையோ இன்னும் கரித்துணியாகத்தான் போகிறது. இரண்டும் பழைய துணிதான் என்றாலும் இரண்டும் பழசான விதம் வேறு. எப்படிப் பழசானது என்று தெரிந்தால்தான் அடுத்து அதை எங்கே வைப்பது என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

பருத்தி செடி தந்த நார், அதாவது செல்லுலோஸ். பட்டு புழு நூற்ற இழை, அதாவது புரதம். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றதெல்லாம் வருகிறது. நனைந்தால் பருத்தி இழைக்கு வலு கூடும், பட்டு இழைக்கு வலு குறையும். அதனால்தான் நூல்சேலையைத் துவைகல்லில் அடித்துத் துவைக்க முடிந்தது. காரத்தைப் பருத்தி தாங்கும். உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவியில் அவித்து எடுத்தாலும் வெளுத்து வருமே தவிர, அறுந்து வராது. அதே காரம் பட்டின் புரதத்தை அரித்துவிடும், ஆகவே பட்டுக்குப் பூந்திக்கொட்டை. அமிலத்தில் கதை தலைகீழ். பருத்தியை அமிலம் அரிக்கும், பட்டோ மென்மையான அமிலத்தைப் பொறுத்துக்கொள்ளும். வெயிலில் இரண்டுமே கெடும், பட்டு மிகச் சீக்கிரம் கெடும். மஞ்சள் பாரித்து, மினுமினுப்பு போய், பிறகு தொட்டால் பொடியும் நிலைக்கு வந்துவிடும்.

ஆக, நூல்சேலைக்கு முதுமை வருவது உழைப்பால். கட்டக் கட்ட, துவைக்கத் துவைக்க, கஞ்சி போய், நூலின் முறுக்கு தளர்ந்து, துணி குழைந்து வருகிறது. பத்து வருடம் கட்டிய சேலையின் மிருதுவை எந்தப் புதுத் துணியிலும் வாங்க முடியாது. பட்டுக்கு முதுமை வருவது பெட்டிக்குள். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் வெளியே வந்த நேரம் போக, மிச்சக் காலம் முழுவதும் ஒரே மடிப்பில் கிடந்தே அது வயதாகிறது. பழைய நூல்சேலையில் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும், பழைய பட்டில் மடிப்பைப் பார்க்க வேண்டும்.

தேய்மானத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு நூல்சேலையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே முழுசாகப் பிடித்துப் பாருங்கள். உடுத்தியவரின் நாள் முழுவதும் அதில் இருக்கும். முந்தி வெளுத்திருக்கும், வெயில் பட்டது அங்கேதான். முந்தியின் ஒரு முனை மட்டும் இழுபட்டு வலைபோல் இருந்தால் அங்கே சில்லறை முடிந்து வைத்திருக்கிறார்கள். கைப்பிடித்துணியாகப் பாத்திரம் இறக்கிய இடத்தில் சின்னச் சின்னக் கருகல். மஞ்சள் கறை, கிரைண்டர் மாவு காய்ந்த தடம். கீழ்க்கரை தரையில் உரசி நூல்நூலாகியிருக்கும். உட்கார்ந்து எழும் இடத்தில் வெளிச்சம் அப்படியே ஊடுருவும். ஆனால் கொசுவம் வைத்த பகுதியைத் தேடிப் பிடித்தால், அதன் உள்மடிப்புகளில் சாயம் அப்படியே நிற்கும், துணி கெட்டியாக இருக்கும். ஒரு நூல்சேலையிலிருந்து தைக்கத் தகுந்த நல்ல துணி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அதோடு இடுப்பில் முதலில் செருகும் உள்சுற்று. மீதியை இரட்டையாக வைத்துத் தைக்கலாம், அல்லது துடைக்கும் துணியாக்கலாம். இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், ஒரே நீளமாக வெட்டித் திரை தைத்துவிட்டு, "பழைய துணி தாங்கல" என்று சொல்வதில் பயனில்லை.

பட்டுச்சேலையை வெளிச்சத்தில் பிடித்தால் இப்படி எதுவும் தெரியாது. உடல் ஒரே சீராகத்தான் இருக்கும். அதை மேசைமேல் விரித்து, மடிப்புத் தடத்தை விரல்நுனியால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பல ஆண்டு ஒரே இடத்தில் மடிந்த பட்டில், அந்தக் கோட்டின்மேல் வளைந்து சென்ற இழைகள் மட்டும் ஒவ்வொன்றாக அறுந்து, தூரிகை மயிர்போல் நிற்கும். குறுக்கே போகும் இழைகள் மட்டும் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். குறுக்கு மடிப்பில் அறுவது பாவு, நெடுக்கு மடிப்பில் அறுவது ஊடை. ஜரிகை உள்ள இடத்தில் மடிப்பு விழுந்தால் இன்னும் மோசம். ஜரிகை என்பது தட்டையாக்கிய மெல்லிய உலோகக் கம்பியைப் பட்டு நூல்மேல் சுற்றியது. அந்தத் தகடு மடிப்பில் ஒடிந்து உள்ளிருக்கும் நூல் வெளியே தெரியும், ஒடிந்த முனைகள் பக்கத்துப் பட்டு இழையை அறுக்கும். ஆகவே பட்டில் நல்ல துணி எங்கே இருக்கிறது என்றால், இரண்டு மடிப்புக்கு நடுவில் இருக்கும் சதுரங்களில் இருக்கிறது. உடுத்தியவரின் அடையாளம் அதில் வேறு இடத்தில், அக்குளையொட்டிச் சென்ற பகுதியில் வியர்வைத் தடமாக நிற்கும். அந்த இடம் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது.

காஞ்சிபுரம் சேலையில் வலுவான இடம் ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலையில், மூன்று நாடா ஓட்டி, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒன்றோடொன்று பூட்டி நெய்திருப்பார்கள். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். முந்தி வேறு நிறமானால் பழைய பாவு இழையோடு புதுப் பாவு இழையைக் கோத்துப் பின்னி இணைத்திருப்பார்கள், அதற்குப் பேட்னி என்று பெயர். சேலையைப் புரட்டினால் குறுக்கே விரலுக்குச் சற்றுத் தடிப்பாகத் தட்டுப்படும். ஓர் அறுபது வருடச் சேலையில் உடல் நைந்து போயிருக்க, இந்த இரு இணைப்புகளும் அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளத் தோன்றும்.

இனி, வீட்டில் இவை இரண்டும் காலங்காலமாக என்னவாயின என்று பார்ப்போம். நூல்சேலைக்கு அடுத்த வேலைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடாமல், துவைத்துக் காய்ந்த பழந்துணியில் போட்டார்கள். பாட்டியின் சேலை தூளியாயிற்று. மாடியில் வடாம் பிழிய விரித்தது நைந்த வேட்டி. அதில் கஞ்சியில்லை, சாயமில்லை, பின்னாலிருந்து தண்ணீர் தெளித்தால் வடாம் சுலபமாக உரிந்து வரும். அதே வேட்டி கிழிந்து விளக்குத் திரியாயிற்று, தலையில் சும்மாடாயிற்று, அடுப்படியில் பிடிதுணியாயிற்று. கடைசியில் கால்மிதி. ஒரு துணி நாலைந்து பிறவி எடுத்து முடிந்தது. இதற்கெல்லாம் யாரும் மறுபயன்பாடு என்று பெயர் வைக்கவில்லை, வீடு நடக்கும் முறை அதுதான்.

பட்டுக்கு இப்படி நீண்ட வரிசை கிடையாது. பெண்குழந்தைக்குப் பாவாடை, சட்டை. சாமிக்கு வஸ்திரம். பூஜை அறைக்குத் திரை. அதற்குமேல் பெட்டிதான். இந்தச் சின்ன வரிசையில் ஒரு ஞானம் இருந்ததாக எனக்குப் படுகிறது. பாவாடை பண்டிகைக்கு மட்டும் உடுத்துவது. இடுப்பில் கொசுவி, கீழே கரை வரத் தைத்து, குழந்தை வளர வளரப் பிரித்துவிட இரண்டு மூன்று டக் பிடித்து வைத்திருப்பார்கள். துணியை இறுக்காத உடை, அடிக்கடி துவைக்காத உடை. நூல்சேலை தினசரி வேலைக்குப் போயிற்று, பட்டு விசேஷத்துக்கே திரும்பிப் போயிற்று. வாழ்ந்தபோது எப்படி வாழ்ந்ததோ அதே தாளத்தில்தான் இரண்டுக்கும் மறுவாழ்வு.

இப்போது கடைகளில் நடப்பது இந்தத் தாளத்துக்கு நேர்மாறு. சோபா மெத்தை உறை என்பது ஒரு வீட்டிலேயே அதிகம் உரசல்படும் துணி. முதுகு சாய்கிறது, முழங்கை ஊன்றுகிறது, குழந்தைகள் தூக்கி எறிகிறார்கள். ஐம்பது வருடப் பட்டு அங்கே போனால், உள்ளே திணித்த பஞ்சின் இறுக்கத்தில் மடிப்புத் தடங்கள் முதலில் வாய் பிளக்கும், பிறகு தையல் ஓரம். ஜரிகைக் கரை கையிலும் கன்னத்திலும் உறுத்தும் என்பது தனி. ஜன்னல் திரை அதைவிடக் கொடுமை. மேற்குப் பார்த்த ஜன்னலில் பழம்பட்டைத் தொங்கவிடுவது, நாளுக்குக் கொஞ்சமாக எரிப்பதற்குச் சமம். அதோடு கரையின் கனம் வேறு உடலைக் கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். மேசை விரிப்பாக்கிக் கண்ணாடி போட்டு மூடினால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

இந்த இடங்கள் எல்லாம் நூல்சேலைக்காகவே படைத்தவை. நடுப்பகுதி தேய்ந்த நூல்சேலையில் தைத்த திரையில் வரும் வெளிச்சம் போல அழகான வெளிச்சம் இல்லை. வெளுத்தால் வெளுக்கட்டும், அழுக்கானால் துவைக்கலாம். மெத்தை உறை, தலையணை உறை, போர்வை, சாப்பாட்டு மேசை விரிப்பு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். சுங்குடியின் புள்ளியும் செட்டிநாட்டுக் கட்டமும் ஓர் அறையில் வெள்ளைச் சுவருக்கு எதிரே எப்படி நிற்கும் என்று ஒருமுறை வைத்துப் பார்த்தவர்கள் பிறகு கடைத் திரை வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் பட்டை வீட்டில் எங்கே வைப்பது? பண்டிகைகளில் வைக்கலாம். நவராத்திரிக்குக் கொலுப்படியின் பக்கங்களில், பின்திரையில் பழம்பட்டை விரிக்கலாம். வருடத்தில் ஒன்பது பத்து நாள், வெயிலில்லை, உரசலில்லை, எண்ணெய் விளக்கை மட்டும் தள்ளி வைத்தால் போதும். கல்யாண வீட்டில் ஊஞ்சல் சங்கிலியில் சுற்றலாம், மணவறைக்குப் பின்னால் கட்டலாம். நிரந்தரமாகச் சுவரில் வேண்டுமென்றால், முந்தியையோ கரைத்துண்டையோ ஒரு பருத்தித் துணிமேல் மெல்லிய தையலில் பதித்து, கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சட்டமிட்டு, நேர் வெயில் வராத சுவரில் மாட்டலாம். பசை தடவி ஒட்டக் கூடாது. சட்டக் கடையில் சொல்லாவிட்டால் ஒட்டித்தான் தருவார்கள்.

உடையாகத் தைப்பதில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. பழைய நூல்சேலையில் தைப்பதில் ஒரு பெரிய வசதி, அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது, போக வேண்டிய சாயமும் போய்விட்டது. அளவெடுத்தபடி நிற்கும். குழந்தைச் சட்டை, நைட்டி, குர்த்தா, வீட்டில் போடும் கால்சட்டை எதுவும் தைக்கலாம். துணி மெலிந்திருந்தால் இரண்டு மூன்று அடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போட்டால் மீண்டும் வலுவாகும். வங்காளத்துக் காந்தா இந்த அறிவில் பிறந்த கலைதான். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, நெருக்கமான ஓட்டுத்தையலில் தாமரையும் மரமும் யானையும் ஓட வைத்த போர்வைகள். குருசதய் தத் என்ற ஆட்சிப்பணி அதிகாரி ஊர் ஊராகச் சேகரித்தவற்றைக் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கர்நாடகத்தில் கவுதி, மராட்டியத்தில் கோதடி. இந்தப் போர்வைகளுக்கு அடிப்படை பழைய பருத்திதான். இப்போது புதுப்பட்டில் காந்தாத் தையல் போட்டு விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தையல் பிறந்த காரணம் அதில் இல்லை. நம் பக்கத்தில் குளிர் குறைவு என்பதால்தானோ என்னவோ, சேலைப் போர்வை இங்கே அவ்வளவு பேர்பெற்ற கலையாக வளரவில்லை. ஏசி அறைகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அதற்கு இடம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழம்பட்டில் ரவிக்கை தைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. உடலோடு ஒட்டிய, அக்குளில் இறுக்கமான, வியர்வையில் நனையும் உடை அது. நனைந்த பட்டுக்கு வலு குறையும் என்பதை நினைத்துப் பாருங்கள். கையைத் தூக்கும்போது தையல் ஓரத்தில் இழை விலகும், பிறகு சரக்கென்று கிழியும். துப்பட்டா, தளர்வான மேல்சட்டை, குர்த்தாவின் மார்புப் பட்டி, பாவாடை என்று இழுபடாத உடையாகத் தைக்கலாம். கேன்வாஸ் ஒட்டித் தருகிறேன் என்று தையல்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசை பட்டை விறைக்க வைக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. அதற்குப் பதில் முழுவதும் லைனிங் கொடுத்து, இழுவிசையை லைனிங் வாங்கிக்கொள்ளும்படி தைக்கச் சொல்ல வேண்டும். அந்த லைனிங்குக்குச் சிறந்த துணி எது தெரியுமா? இனிச் சுருங்காத, கஞ்சி போன, குழைந்த பழைய மல் வேட்டி. தைப்பதற்கு முன் பட்டின் ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்தி விரித்துப் பாருங்கள். மடிப்பில் இழை அறுந்தால் அந்தச் சேலையைத் தைக்காமல் வைத்துவிடுவதே நல்லது.

எரிக்கும் கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஜரிகையை மார்க் கணக்கில் விற்பார்கள், ஒரு மார்க் சுமார் 240 கிராம். அசல் ஜரிகைக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விகிதம் வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5, பட்டு நூல் 24, தங்கம் 0.5. இந்தக் கணக்கில் ஒரு மார்க் ஓடிய சேலையை எரித்தால் 96 கிராம் வெள்ளி, தங்கம் ஒன்றேகால் கிராமுக்கும் குறைவு. அதற்கு முந்தைய தலைமுறைச் சேலைகளில் வெள்ளி இன்னும் கூடுதல். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பெட்டிகள் திறக்கின்றன. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் சேலையை விற்ற அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சேலை அவர்களுக்குச் சேமிப்பாகவும் இருந்தது, அதன்படியே பயன்பட்டது. தேவை இல்லாமல், இடத்தை அடைக்கிறது என்பதற்காக மட்டும் எரிக்கக் கொடுப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் வெள்ளியோடு சேர்ந்து எரிவது ஒரு வரைபடம். ஜக்கார்டு அட்டைகள் வருவதற்கு முன் கரையின் உருக்களைத் தறியிலேயே நூல்களால் அடை கட்டி நெய்தார்கள். தறி கைமாறி அடையைப் பிரித்துவிட்டால் அந்த வேலைப்பாட்டுக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி நெய்த சேலைதான். ருத்ராட்சம், மயில்கண், வைரஊசி, யாளி, அன்னம், இருதலைப்பட்சி என்று இன்று நாம் பெயர் சொல்லும் உருக்கள் ஒவ்வொன்றும் நூறு வகையாக நெய்யப்பட்டவை. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி நெசவுக்கூடம் அமைத்துப் பழைய சேலைகளின் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் திரும்ப நெய்ய வைத்தபோது, கையில் இருந்த பழஞ்சேலைகளே அதற்கு ஆதாரம். அந்த வேலை நடந்திருக்காவிட்டால் இன்று கலாக்ஷேத்ரா சேலை என்று மக்கள் தேடிப்போகும் அந்த அகலக் கரைகளும் அழுத்தமான நிறங்களும் நம்மிடம் இருக்குமா என்பது சந்தேகம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06இலேயே கிடைத்துவிட்டது. அந்தக் குறியீடு இனி நெய்யப் போவதைக் காக்கும், பெட்டியில் இருப்பதை நாம்தான் காக்க வேண்டும்.

நூல்சேலையைத் தயங்காமல் வெட்டலாம் என்று இவ்வளவு நேரம் சொல்லி வந்தேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. நூல்சேலை கடைசி இழை வரை உழைத்துத் தீர்ந்துபோவதால், மிகப் பழைய நூல்சேலை முழுசாகக் கிடைப்பது பழம்பட்டு கிடைப்பதை விட அரிது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய கண்டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த நூல், அடர்ந்த அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும், பெரிய கட்டங்கள். 2019இல் கண்டாங்கிக்கும் புவிசார் குறியீடு வந்தது. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருவது தேக்குத் தூணுக்கும் பீங்கானுக்கும். அதே வீடுகளின் அலமாரியில் இருந்த நூல்சேலைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஒன்று முழுசாகக் கையில் கிடைத்தால் கத்திரியைக் கீழே வையுங்கள்.

வைத்துக் காப்பதிலும் இரண்டுக்கும் எதிரிகள் வேறு. நூல்சேலைக்குப் பகை கஞ்சி. கஞ்சி வாசத்துக்கு இராமபாணப் பூச்சி வரும், கஞ்சியோடு துணியையும் தின்னும். ஆகவே எடுத்து வைக்குமுன் கஞ்சி போக அலசிக் காய வைக்க வேண்டும். பட்டுக்குப் பகை புரதம் தின்னும் வண்டுப் புழு, அதைவிட மேலான பகை மடிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் ஆறவிட்டு, வேறு இடத்தில் மடிக்க வேண்டும். முடிந்தால் ஒரு குழாய்மேல் துணி சுற்றி, அதன்மேல் சேலையை உருட்டி வைக்கலாம். அந்துருண்டையை ஜரிகைமேல் படும்படி போட வேண்டாம். செய்தித்தாளில் சுற்றவும் வேண்டாம், தாளின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கறுக்கச் செய்யும் என்பதால் மூடித்தான் வைக்க வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் பையில் அல்ல. பழைய வீடுகளில் பட்டுச்சேலையைத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டித் துண்டில் சுற்றித்தான் பெட்டியில் வைத்தார்கள். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களும் கஞ்சியில்லாத பருத்தித் துணியையே இதற்குப் பரிந்துரைக்கின்றன.

கடைசியாக, அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. அம்மாவின் சேலை ஒன்றுதான் இருக்கிறது, அக்கா தங்கை மூன்று பேர், எப்படிப் பங்கு போடுவது? நூல்சேலையானால் சிக்கலே இல்லை. குறுக்கே மூன்றாக வெட்டி, தேய்ந்த இடத்தை ஒதுக்கி, ஒருத்திக்குத் தலையணை உறை, ஒருத்திக்குப் பேரப்பிள்ளைக்கான சட்டை, ஒருத்திக்குத் தாவணி நீளத் துண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். அம்மாவின் கை பட்ட துணி மூன்று வீட்டிலும் தினமும் புழங்கும். பட்டானால் முதலில் நான் சொல்வது, வெட்டாமல் வருடத்துக்கு ஒருத்தி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கை மாறும்போதெல்லாம் மடிப்பும் மாறும், சேலைக்கு அதுவே நல்லது. உடல் நைந்து, வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கரையை உடலிலிருந்து நெடுக்கே உரிக்காதீர்கள். கோர்வை விட்ட இடத்தில் இரண்டு பக்கமும் பிரிய ஆரம்பிக்கும். முழு அகலமாகக் குறுக்கே வெட்டுங்கள். முந்தியைப் பேட்னிக்கு நாலு விரல் இப்பால் வெட்டினால் அந்தப் பின்னல் பத்திரமாக முந்தியோடு போகும். வெட்டுமுன் சேலையைத் தரையில் விரித்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, முந்தியையும் கரையையும் ஓர் உரு முழுசாகத் திரும்ப வரும் நீளத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கப் படத்தில்தான் இழை எப்படிப் போகிறது என்று நெசவாளருக்குத் தெரியும்.